மெதுவா ஆகட்டும்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால், ‘ரயில் விட்டா வந்துடறேன்’ என்றுதான் பதில் வரும். கல்யாணமாகட்டும், கோர்ட்டு வாய்தாவாகட்டும், ரயில் விட்டால்தான். எங்கள் ஊரான மெரிவெல்லுக்குப் புதிதாக வருகிறவர்கள், இவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று எங்களைப் பேசுவார்கள். வடக்குப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் காரணம் தெரிந்துகொண்டே அப்படிப் பேசுவார்கள்.

தண்டவாளத்துக்கு வடக்கே ஆஸ்பத்திரி, கோர்ட்டு, நல்ல கடைகள். தெற்கே கறுப்பர்களாகிய நாங்கள். இடம் தாழ்வு. ஊரில் எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் எங்கள் பகுதிக்குப் பள்ளம் என்று பெயர். பள்ளத்திலிருந்து வெளியே போக ஒரே ஒரு லெவல் கிராசிங். சரக்கு ரயில் வந்து அதன் மேல்தான் நிற்கும். முன்னால் யார்டில் இடமில்லை என்பார்கள், டிரைவர் மாற வேண்டும் என்பார்கள். அதற்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒரு மணி நேரமும் நிற்கும், அரை நாளும் நிற்கும். அதே தண்டவாளத்துக்கு மேலே, கோல்ஃப் மைதானத்துக்குப் போகிற சாலையில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே பாலம் கட்டிவிட்டார்கள். அங்கே ரயில் நிற்பதே இல்லை. நாங்கள் அந்தப் பாலத்துக்குப் போக வேண்டுமானால் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மாவட்டம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பெயர் ஆர்னெட்டா, எல்லோருக்கும் நெட்டா. ரயில் நிற்கிற நாட்களில் பெரிய பிள்ளைகள் என் பேச்சைக் கேட்காமல் இறங்கி, புத்தகப் பையை முதலில் அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கொக்கியில் ஏறித் தாண்டுவார்கள். நான் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே இருப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் வீட்டில் கோபம் முழுவதையும் எனக்கும், பொறுமை முழுவதையும் என் அண்ணன் ஓசெலுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கோழி வெட்டும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். மவுண்ட் நீபோ தேவாலயச் சபையில் டீக்கன், சபைப் பொறுப்பாளர்களில் ஒருவர். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் தின்று தீர்த்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் வடக்கே போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு நேரம். தாமதமாகப் போனால் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். மீதி நேரத்துக்கு அரைகுறையாக ஓட்டி அனுப்புவார்கள், சில நாள் அதுவும் கிடையாது. ஆக, என் அண்ணன் பிழைத்திருப்பது டாக்டர் கையில் இல்லை, ரயில் விடுவதில்தான் இருந்தது. அண்ணி வெர்டி பழைய பியூக் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு, எட்டரை மணி நாற்காலிக்கு விடியற்காலையிலேயே கிராசிங்குக்கு வந்துவிடுவாள். கேட் திறந்திருந்தால் அன்று அவர்களுக்குப் பண்டிகை.

தேர்தல் வந்தால் எங்கள் சபைக்கு வெள்ளைக்கார வேட்பாளர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் கை தட்டுகிற இடத்தில் தட்டாமல் தட்டாத இடத்தில் தட்டுவார்கள். கீழ்த்தளத்தில் பொரித்த கோழியும் கீரையும் சாப்பிட்டு, விரலை நக்கிக் காட்டுவார்கள். நாங்களும் சிரிப்போம், வேறென்ன செய்ய. அப்படித்தான் கிரேடி விட்காமும் வந்தார். மேயர் பதவிக்கு நின்றார். ஆனால் அவரைக் கொஞ்சம் வேறு மாதிரிதான் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வருவதற்கு முன்னால் ஒரு காலை முழுவதும் எங்கள் கிராசிங்கில் வந்து நின்றிருந்தார். பிள்ளைகள் கொக்கியில் ஏறுவதைப் பார்த்திருந்தார். அண்ணனும் வெர்டியும் காரில் காத்திருந்ததைப் பார்த்து, ஜன்னலில் சாய்ந்து பேசிக்கொண்டும் இருந்தார்.

அன்று சபையில் பேச எழுந்ததும் அதைத்தான் சொன்னார். இளஞ்சிவப்புப் பையோடு ஒரு சின்னப் பெண் பெட்டிக்கு அடியில் குனிந்தாள் என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. குரல் அடைத்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அது நடிப்பில்லை. எனக்கு நடிப்பு தெரியும், ஐம்பது பிள்ளைகளை வைத்து பஸ் ஓட்டுகிறேன். அவருடைய தோள் குலுங்கியது நிஜம். அதுதான் இந்தக் கதையில் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் சபையில் பேசுகிறவனைத் தனியாக விடுவதில்லை. நன்றாகப் பேசினால் ‘ஆமா’ என்போம், ‘அப்படிச் சொல்லு’ என்போம். தொண்டை அடைத்து நின்றுவிட்டால் ‘அவசரமில்ல, மெதுவா ஆகட்டும்’ என்போம். பாட்டின் நடுவில் வரி மறந்துபோன பெண்ணுக்கும் அதுதான், பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு நன்றி சொல்ல வந்தவனுக்கும் அதுதான். விழ மாட்டாய், நாங்கள் பிடித்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, கொட்டாவியைப் பார்த்தால் கொட்டாவி வருகிற மாதிரி தானாக வாயில் வந்துவிடும். அன்று டீக்கன்கள் உட்காரும் முன்பெஞ்சிலிருந்து என் அண்ணன் குரல் முதலில் வந்தது.

“அவசரமில்ல தம்பி. மெதுவா ஆகட்டும்.”

பின்னாலேயே சபை முழுவதும் சொன்னது. விட்காம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தான் ஜெயித்தால் முதல் வேலை பள்ளத்துக்குப் பாலம் என்றார். அவரோடு வந்த ஆள் ஒருவன் அதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். வெள்ளைக்காரன் ஒருவன் எங்களுக்காக அழுவதைப் பார்த்ததில் எங்களுக்கு ஒரு கிறக்கம் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் எனக்குக்கூட.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளத்தில் வரிசை தெருமுனை வரை நின்றது. வடக்கே நுழைந்தவுடன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். எங்களுக்கு இரண்டே இரண்டு மெஷின். அன்று அண்ணனுக்கு டயாலிசிஸ் முடிந்த நாள், அவருக்கு நிற்கத் தெம்பில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் உட்கார்ந்து, வரிசை நகர நகர அதை நகர்த்திக்கொண்டே போனார். போய்ப் படுங்கள், ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று நான் திட்டினேன். பாலம் வந்தால் முதலில் தாண்டப் போவது நான்தான், அதற்கு நான் ஓட்டுப் போடாவிட்டால் நன்றாயிருக்காது என்றார். விட்காம் ஜெயித்தார். எங்கள் ஓட்டு இல்லாவிட்டால் அவர் ஜெயித்திருக்க முடியாது என்று செய்தித்தாளே எழுதியது.

அதற்குப் பிறகு ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு கம்பெனியை ஆய்வு செய்யச் சொன்னது. கம்பெனிக்காரர்கள் வந்து கிராசிங்கில் ஒரு நாள் நின்று, அன்று பார்த்து ரயில் வராததால் கிளம்பிப் போனார்கள். பிறகு வண்ண வண்ணப் படங்களோடு ஒரு கூட்டம். பாலம் பச்சை நிறத்தில் இருக்கலாமா, நீல நிறத்தில் இருக்கலாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டார்கள். எந்த நிறமானாலும் அது வருமா என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று எழுதிக்கொண்டார்கள். விட்காம் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், எல்லோர் கையையும் இரண்டு கையால் பிடித்துக் குலுக்கினார், வெர்டியிடம் அண்ணனின் உடம்பை மறக்காமல் விசாரித்தார்.

இரண்டாவது வருடம், பாலங்களுக்கு மாநில அரசு பணம் தருகிறது, ஊர்கள் மனு போட வேண்டும் என்று செய்தி வந்தது. அண்ணன் மறுநாளே கோட்டு போட்டுக்கொண்டு நகர்மன்றத்துக்குக் கிளம்பிவிட்டார். வெர்டியும் நானும் கூடப் போனோம். ஊர்க்காரர்கள் பேச மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும். அண்ணனுக்கு மூச்சு வாங்கும், அதனால் மூன்று நிமிடத்தில் அவர் சொன்னது கொஞ்சம்தான். வாரம் மூன்று நாள் தண்டவாளத்தைத் தாண்டுகிறேன், தாண்ட முடியாத நாள் எனக்குள் தண்ணீர் ஏறுகிறது, இந்த வருடமே மனு போடுங்கள் என்றார். மணி அடித்தது. உட்கார்ந்தார்.

மேயர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு பிரியம்.

“டீக்கன், உங்க சபையில நான் உடைஞ்சு நின்னப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. ‘அவசரமில்ல தம்பி, மெதுவா ஆகட்டும்’னு. அத நான் ஒரு நாள் மறந்ததில்ல. அவ்வளவு கஷ்டத்துலயும் உங்க ஆளுங்களுக்கு இருக்கற பொறுமை எங்க யாருக்கும் கிடையாது. இந்த ஊரோட மனசு மாறணும். அப்புறம் கட்டற பாலம்தான் நிக்கும்.”

அதைச் சொல்லிவிட்டு அன்று சபையில் போனில் பிடித்த படத்தையே சுவரில் போட்டுக் காட்டச் சொன்னார். பெரிய திரையில் என் அண்ணன் முன்பெஞ்சில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, அந்த வார்த்தையைச் சொன்னார். வடக்குப் பக்கத்துக் கவுன்சிலர்களுக்கு வாயெல்லாம் பல். அவர்களே அவசரமில்லை என்கிறபோது நாம் ஏன் பறக்க வேண்டும் என்றார் ஒருவர். ஆய்வு முடியட்டும், மனுவை அடுத்த வருடம் பார்ப்போம் என்று கை தூக்கி முடித்துவிட்டார்கள். அந்த வருடத்து மனுவில் ஆற்றங்கரைக்கு ஒரு நடைபாதை கேட்டார்கள். விளக்கோடு.

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் பெயர் பேசுகிறவர்கள் வரிசையில் இல்லை என்று போலீஸ்காரர் வந்து தோளைத் தொட்டார். வெர்டி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தது. காருக்குள் மூன்று பேரும் ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. மாநிலத் தலைநகரில் நடந்த ஏதோ மாநாட்டில்கூட மேயர் அதைப் போட்டு, மக்களிடம் பாடம் கற்றேன் என்று பேசினாராம். எங்கள் ஆட்கள் மட்டும் விடுவார்களா? லெமியூலின் முடிவெட்டும் கடைக்கு அண்ணன் போனால், கத்தியை எடுத்துக்கொண்டு, “டீக்கன், அவசரமா, இல்ல மெதுவா ஆகட்டுமா?” என்பான் லெமியூல். கடையே சிரிக்கும். முதலில் அண்ணனும் சிரித்தார். பிறகு கேட்டில் நிற்கிற கார்களிலிருந்து குரல் வர ஆரம்பித்தது. வேலைக்குத் தாமதமாகி சம்பளம் போனவன், பிரசவத்துக்குப் போகிற மகளை வைத்துக்கொண்டு நிற்கிறவன், எல்லோரும் பியூக்கைப் பார்த்து அதைச் சொன்னார்கள். அதில் சிரிப்பு இல்லை. ஆட்களைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ரயில்காரனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது, மேயரைத் திட்டினால் அவர் தலையாட்டுவார். வைவதற்கு அகப்பட்டவர் என் அண்ணன்தான்.

சபையில் அவர் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். பாஸ்டர் ஹாஸ்கின்ஸ் எவ்வளவு உருக்கமாகப் பிரசங்கம் செய்தாலும், முன்பெஞ்சில் ‘ஆமா’ கூடக் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட வந்த பெண் ஒருத்தி நடுவில் அழுதுவிட்டாள். எல்லோரும் சொன்னோம். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரிடமிருந்து அந்த மேயர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஒரு நாள் அவரே தனியாக மேயரைப் பார்க்கப் போனார். என்னையும் வர வேண்டாம் என்றார், நீ வந்தால் கலவரமாகிவிடும் என்றார். நான் பஸ்ஸை வெளியே நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தார்.

“சொன்னீங்களா அண்ணே?”

“சொன்னேன். அழறவனப் பாத்தா நாங்க சொல்றது அதுன்னு சொன்னேன். பாலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“அழுதுட்டாரு.”

சாவியைத் திருப்பப் போன நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“அதக் கேக்க ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லி அழுதாரு, நெட்டா. நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவரும் சிரித்தார். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். அதற்கப்புறம் அண்ணன் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த ஆகஸ்டில் ரயில்கள் மோசமாக நின்றன. பள்ளிக்கூடம் திறந்த வாரம். வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு அரைகுறை டயாலிசிஸ்தான். திங்கட்கிழமை கேட் திறந்தபோது நாற்காலி போய்விட்டது, நாளைக் காலை வாருங்கள், இடம் தருகிறோம் என்றார்கள். நெருக்கடியானால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொன்னார்கள், ஆஸ்பத்திரி என்னமோ எங்கள் கொல்லைப்புறத்தில் இருப்பது போல. திங்கட்கிழமை ராத்திரியே அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். செவ்வாய்க்கிழமை நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிராசிங்குக்கு வந்தபோது ரயில் நின்றது. எனக்கு முன்னால் பியூக். வெர்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடினேன். அண்ணன் முன்சீட்டில் குனிந்து, டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அந்தப் பக்கம். பெட்டிகளுக்கு அடியில் அவர்களுடைய பூட்ஸ் தெரிந்தது. நிற்கிற ரயிலைத் தாண்டக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு, எப்போது இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் தண்டவாளத்தருகே போய் மண்டியிட்டு அடியில் பார்த்துக் கத்தினேன். கடைசியில் ஆம்புலன்ஸில் வந்தவர்களில் ஒரு பெண், சின்னப் பெண்தான், ஆக்சிஜன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் ஏறுகிற மாதிரியே கொக்கியில் ஏறி இந்தப் பக்கம் குதித்தாள். அவள் காருக்கு வந்தபோது என் அண்ணன் போய்விட்டார்.

கடைசியாக அவர் வெர்டியிடம் சொன்னது, “ஹாரன் அடிக்காத. பஸ்ல பிள்ளைங்க பயப்படும்” என்பதுதான்.

அடக்க ஆராதனைக்கு மேயர் வந்தார். பேச அனுமதி கேட்டிருக்கிறார் என்று பாஸ்டர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் அந்த ஆள் நின்றால் நான் எழுந்து வெளியே போவேன் என்றேன். பாஸ்டர் களைத்துப்போன முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதமும் நாம் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும் மகளே, அவரை விட்டால் இருக்கிறவர்கள் நமக்காக அழக்கூட மாட்டார்கள் என்றார். எங்கள் நிலைமையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நான் வெர்டியைப் பார்த்தேன். பேசிவிட்டுப் போகட்டும் என்றாள்.

முன்பெஞ்சில் அண்ணன் உட்காருகிற இடத்தில் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். மேயர் மேலே ஏறினார். அதே மேஜை. அந்தத் துணியைப் பார்த்தார். ஓசெல் எனக்கு ஆசான் என்று ஆரம்பித்தார், அவர்தான் எனக்கு என்று இன்னொரு தரம் ஆரம்பித்தார், குரல் அடைத்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அன்றைக்கு மாதிரியே நிஜம்.

சபை நிறைய ஜனம். சுவரோரம் நின்றுகொண்டும் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவளின் உதடு பிரிவதைப் பார்த்தேன், அவள் கையை வைத்து அதை மூடிக்கொண்டாள். லெமியூல் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை, முன்கூட்டிப் பேசி வைக்கவும் இல்லை. கைவிசிறிகள்கூட நின்றுபோயின. எனக்கு நினைவு தெரிந்து அந்தச் சபையில் அழுகிறவன் ஒருவன் அப்படித் தனியாக நின்றதில்லை. மேயர் காத்திருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வெர்டியைப் பார்த்தார். அவருக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவன் தட்டைப் பார்ப்பது போல எங்கள் வாயைப் பார்த்தார்.

நாங்கள் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து பிடித்து வைக்க எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். கடைசியில் அவர் தானே மூக்கைச் சிந்திக்கொண்டு, தாளில் எழுதி வந்ததை வாசித்துவிட்டு இறங்கினார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நாங்கள் எதையோ ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அண்ணே, பார்த்தீர்களா என்று மனசுக்குள் சொன்னேன்.

எங்கள் கல்லறைத் தோட்டமும் வடக்கேதான் இருக்கிறது. பழைய காலத்தில் அங்கேயும் எங்கள் ஆட்கள் குடியிருந்தார்கள். வீடுகளை எடுத்துக்கொண்டார்கள், கல்லறைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அமரர் வண்டி முன்னால் போக, வெர்டியும் நானும் அதற்கு அடுத்த காரில் இருந்தோம், பின்னால் சபை முழுவதும் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. கிராசிங்குக்கு வந்தால் கேட் மூடியிருக்கிறது. ரயில். அமரர் வண்டி டிரைவர் இன்ஜினை அணைத்தான். வரிசையில் ஒவ்வொரு காராக அணைத்தார்கள். யாருக்கும் ஆச்சரியமில்லை. செத்தாலும் ரயில் விட்டால்தான்.

வெயில் கொளுத்தியது. பின்னால் ஒரு கார்க் கதவு திறந்தது. மேயர். கண்ணாடியில் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். அன்று மாலை ஆற்றங்கரை நடைபாதைத் திறப்பு விழா, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். போனை எடுத்தார். சாலையோரப் புல்லில் நடந்துகொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. ‘ஆமாம், நான்தான், தெற்குக் கிராசிங்’ என்றது மட்டும் என் காதில் விழுந்தது. போனை மூடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் தூரத்தில் கிளம்பி, பெட்டி பெட்டியாக எங்களை நோக்கி வந்து, எங்களைத் தாண்டிப் போனது. சக்கரங்கள் உருண்டன. ரயில் போக ஆரம்பித்தது.

மேயர் எங்கள் கார் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். எங்களுக்காகத்தான் அதைச் செய்ததாக அவர் நம்பினார். முகத்தில் அது தெரிந்தது, கண் இன்னும் சிவந்திருந்தது.

“இனி வழி விட்டுடுவாங்கம்மா. அவசரமில்ல, மெதுவா போங்க” என்றார் வெர்டியிடம்.

வெர்டி அவருக்குத் தலையாட்டினாள். கடைசிப் பெட்டி போய், கேட் உயர்ந்து, அமரர் வண்டி இன்ஜினைப் போட்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஒரு போன்தானா, நெட்டா?”

அமரர் வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. அதன் பின்னாலேயே நாங்களும் தாண்டினோம்.